தோசைக்கல்லிலும் இங்கிலீஷ் வரும்!

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு மாசாமாசம் பணம் கட்டினால்தான் பிள்ளைக்கு இங்கிலீஷ் வரும்னு இல்லை, தோழிகளே. நம்ம புதுக்கோட்டைப் பக்கத்து வீடுகளில் அடுப்படி, திண்ணை, கடலை உரிக்கிற முற்றம், பஸ் ஸ்டாண்ட்னு எங்கே பார்த்தாலும் இங்கிலீஷ் வார்த்தை கொட்டிக் கிடக்கு. எடுத்துக் கொடுக்க ஒரு ஆள் வேணும், அவ்வளவுதான். ‘எனக்கே இங்கிலீஷ் வராதே’ன்னு தயங்கவும் வேண்டாம். கீழே இருப்பதில் பலவற்றுக்குப் பிள்ளை சொல்ல, நாம காது கொடுத்துக் கேட்டாலே போதும்.

1. முதல் தோசையை எழுத்தாக ஊற்றுங்க. பேட், பாலுக்கு வர்ற சின்ன ‘பி’யைக் கரண்டி நுனியால் மெல்ல இழுத்து விட்டு, வெந்ததும் இடப்பக்கமிருந்து வலப்பக்கமாகத் திருப்பிப் போட்டால் அது டாக்குக்கு வர்ற ‘டி’ ஆகிவிடும். மேலிருந்து கீழாகத் திருப்பினால் பென்னுக்கு வர்ற ‘பி’! எந்தப் பக்கம் வயிறு, எந்தப் பக்கம் குச்சின்னு நோட்டில் பக்கம் பக்கமாக எழுதியும் குழம்புகிற பிள்ளை, கண்ணெதிரே எழுத்து புரள்வதைப் பார்த்துப் பிடிச்சுக்கும். ஓரம் முறுகலான அந்த எழுத்தைச் சட்னியோடு சாப்பிட்டும் விடலாம்.

2. தோசை இல்லாத நேரத்துக்கு ஒரு வழி. இரண்டு கையையும் மடக்கி, கட்டைவிரல்களை மட்டும் மேலே நீட்டி, முட்டியோடு முட்டி சேர்த்து வைக்கச் சொல்லுங்க. கட்டில் மாதிரி தெரியும். ‘பெட்’ என்ற வார்த்தையின் முதல் எழுத்து இடக்கையில், கடைசி எழுத்து வலக்கையில். பரீட்சை ஹாலில்கூட மேசைக்கடியில் செய்து பார்த்துக்கலாம்.

3. உப்புமாவுக்கு வறுக்கப் போகிற ரவையை முதலில் ஒரு தாம்பாளத்தில் பரப்பி, சுத்தமாகக் கழுவிய விரலால் எழுதிப் பழகவிடுங்க. தப்பானால் தட்டை லேசாக ஆட்டினால் அழிஞ்சிடும், ரப்பர் செலவு இல்லை. எழுதி முடிச்ச ரவை நேரே வாணலிக்கு!

4. முறுக்கு பிழியும்போது பிள்ளை கேட்கிற எழுத்துகளை நாலைந்து பிழிஞ்சு போடுங்க. எஸ், சி, ஓ, யூ நல்லா வரும். நேர்கோடு கூடுகிற எழுத்துகள் எண்ணெயில் ஒடிஞ்சிடும். தன் பேர் எழுத்துக்களைத் தேடி எடுத்து வரிசையா அடுக்கின பிறகுதான் தின்னணும்னு ஒரு சட்டம் போட்டால் போதும், அடுக்குகிற வேலை தானா நடக்கும்.

5. டீ போடுகிற அஞ்சு நிமிஷத்தில் ஆறு வினைச்சொல் இருக்கு: வாஷ், போர், பாயில், ஆட், ஸ்டிர், ஃபில்டர். நாம செய்யச் செய்யப் பிள்ளை ஒவ்வொன்றாகச் சொல்லட்டும். ஒரு வாரம் கழிச்சு பிள்ளை உத்தரவு போட, நாம செய்யணும். ‘ஆட் சுகர்’னு சொல்ல மறந்தால் சர்க்கரை இல்லாத டீதான் அன்றைக்கு.

6. கடலை உரிக்க உட்கார்ந்தால், ஓட்டை உடைக்கும் முன் உள்ளே எத்தனை பருப்புன்னு இங்கிலீஷில் ஊகிக்கணும். ‘டூ?’, ‘நோ, த்ரீ!’ என்று விளையாடிக்கொண்டே ஒரு மரக்கால் கடலையும் உரிஞ்சிடும். எண்ணிக்கை கைவந்த பிறகு ‘ஷெல்’, ‘ஸ்கின்’, ‘சீட்’, ‘எம்ப்டி’ என்று வார்த்தைகளைச் சேர்த்துக்கலாம்.

7. கீரமங்கலம் பக்கம் பூ கட்டுகிற வீடுகளுக்கு: மல்லி ஜாஸ்மின், செண்டுமல்லி மேரிகோல்டு, கனகாம்பரம் கிராஸாண்ட்ரா, சம்பங்கி ட்யூப்ரோஸ். ‘டூ ஒயிட், ஒன் ஆரஞ்ச்’ என்று பிள்ளை சொல்லச் சொல்ல அந்த வரிசையில் கட்டினால் நிறமும் எண்ணும் ஒரே சரத்தில் வந்துவிடும்.

8. பலாப்பழம் வெட்டுகிற நாளை வீணாக்காதீங்க. பிக், ஹெவி, ரஃப், ஸ்டிக்கி, ஸ்வீட் எல்லாம் கையாலும் நாக்காலும் தெரிந்துகொள்ள வேண்டிய வார்த்தைகள். புத்தகத்தில் படம் பார்த்துப் படிச்சால் ‘ஸ்டிக்கி’ புரியவே புரியாது. விரலில் பால் ஒட்டிக்கொண்டு பிள்ளை முழிக்கும்போது அந்த வார்த்தையைச் சொல்லிட்டு, அப்புறம் எண்ணெய் தடவி விடுங்க. அந்த வார்த்தை அப்படியே மனசில் ஒட்டிக்கும்.

9. வீட்டில் சேர்ந்து கிடக்கிற கல்யாணப் பத்திரிகைகளை எறியாதீங்க. கெட்டி அட்டை, பின்பக்கம் வெள்ளை. நாலாக வெட்டினால் கடையில் விற்கிற ஃப்ளாஷ் கார்டைவிட உறுதியானது கிடைக்கும். படத்தைப் பிள்ளையே வரையட்டும். அது வரைஞ்ச மாடு ஆடு மாதிரி இருந்தாலும் ‘கௌ’ என்ற சொல் மறக்காது.

10. தேதி கிழிக்கிற காலண்டர் தாளில் தினம் ஒரு வார்த்தை. காலையில் கிழிச்சதும் பின்பக்கம் ஒரு சொல்லை எழுதி பிள்ளையின் சட்டைப் பையில் வையுங்க. ராத்திரிக்குள் அதை மூணு பேரிடம் சொல்லியிருக்கணும். மாசக் கடைசியில் தாள்களைக் குலுக்கிப் போட்டு எடுத்தால் பைசா செலவில்லாத பரிசுச் சீட்டு விளையாட்டு.

11. வீட்டுப் பொருள்களில் பேர் எழுதி ஒட்டுகிற வழக்கம் நல்லதுதான், ஆனால் ஒரே நாளில் நாற்பது ஒட்டினால் ஒன்றையும் யாரும் பார்க்க மாட்டாங்க. வாரத்துக்கு அஞ்சு போதும், அதையும் பிள்ளை கையாலேயே எழுதணும். சனிக்கிழமை ராத்திரி இரண்டு சீட்டுகளை மாற்றி ஒட்டி வையுங்க. காலையில் அரிசிப் பானையில் ‘டோர்’ என்று இருப்பதைக் கண்டுபிடிச்சுச் சிரிக்கிறதுதான் பரீட்சை.

12. மளிகைக் கடையில் பாக்கெட்டுகளை வாங்கிப் படிக்கிற வேலையைப் பிள்ளைக்கே கொடுத்திடுங்க. எம்.ஆர்.பி., நெட் வெயிட், எக்ஸ்பைரி டேட் இந்த மூன்றையும் கண்டுபிடிக்கப் பழகினால், காலாவதியான பிஸ்கட் வீட்டுக்குள் வராது. அதே சோப்பில் 75 கிராமா 100 கிராமான்னு ஒப்பிட்டுச் சொல்கிற பிள்ளை, நமக்குக் காசும் மிச்சப்படுத்திக் கொடுக்கும்.

13. சாமான் லிஸ்ட்டைத் தமிழில் நாம எழுதி, பக்கத்தில் இங்கிலீஷில் பிள்ளை எழுதட்டும். ஸ்பெல்லிங் தப்பானாலும் கடைக்காரருக்குத் தமிழ் இருக்கு, கவலையில்லை. வீட்டுக்கு வந்து பாக்கெட்டைப் பார்த்து அதுவே திருத்திக்கும்.

14. பஸ்ஸுக்குக் காத்திருக்கிற நேரத்துக்கு நம்பர் பிளேட் விளையாட்டு. டி.என். 55 நம்ம ஊர், 45 திருச்சி, 49 தஞ்சாவூர், 63 சிவகங்கை, 65 ராமநாதபுரம். எண்ணை இங்கிலீஷில் சத்தமாகச் சொல்லி ஊரைக் கண்டுபிடிக்கணும். கொஞ்சம் பெரிய பிள்ளையாக இருந்தால், பிளேட்டில் உள்ள இரண்டு எழுத்தில் தொடங்குகிற இரண்டு வார்த்தை சொல்லச் சொல்லுங்க. பி.கே. என்றால் பாய், கைட்!

15. புதுக்கோட்டை ரயில் நிலையத்தின் மஞ்சள் பலகையில் ஊர்ப் பேர் மூணு மொழியில் இருக்கும். தமிழ் எழுத்தையும் இங்கிலீஷ் எழுத்தையும் விரலால் இணைத்துக் காட்டுங்க. ‘புது’ வரைக்கும் எந்த எழுத்து, ‘கோட்டை’ எங்கே தொடங்குதுன்னு பிள்ளை கண்டுபிடிச்சால், பிறகு கடைப் பலகை எல்லாவற்றையும் தானே கூட்டிப் படிக்கும்.

16. ரூபாய் நோட்டே ஒரு பாடம்தான். முன்பக்கம் தொகை இங்கிலீஷ் எழுத்திலும் இருக்கு. பின்பக்கம் 15 மொழி வரிசையில் நம்ம தமிழைத் தேடச் சொல்லலாம். டென், ட்வென்ட்டி, ஃபிஃப்ட்டி, ஹண்ட்ரட் ஸ்பெல்லிங் இப்படியே வந்துவிடும், பார்த்து முடிச்சதும் நோட்டை மறக்காமல் திரும்ப வாங்கிக்கோங்க.

17. ‘ஃபேன்’ என்பது ‘பேன்’ ஆகிறது நம்ம எல்லா வீட்டிலும் உண்டு. கண்ணாடி முன் நிற்க வைச்சு, மேல்பல்லைக் கீழுதட்டில் வைத்து காற்றை ஊதச் சொல்லுங்க; உதடு இரண்டும் ஒட்டினால் தப்பு. ஃபேன், ஃபிஷ், ஃபைவ், ஃப்ளவர் என்று நாலே சொல் போதும்.

18. பென்னுக்கு வர்ற ‘பி’யையும் பேட்டுக்கு வர்ற ‘பி’யையும் பிரிக்க ஒரு துண்டுத் தாள் போதும். உதட்டுக்கு முன்னால் பிடிச்சால் ‘பென்’ சொல்லும்போது தாள் படக்கென்று ஆடும், ‘பேட்’டுக்கு ஆடாது. தமிழில் இந்த இரண்டுக்கும் ஒரே எழுத்துதான். அதனால் பிள்ளைக்கு வித்தியாசம் காதில் படாமல் போவது இயல்பு, திட்ட வேண்டாம்.

19. ‘இஸ்கூல்’, ‘இஸ்டாம்ப்’ என்று வந்தால் முதல் ஒலியை மட்டும் ‘ஸ்ஸ்ஸ்ஸ்’ என்று நீட்டச் சொல்லி, நடுவில் மூச்சு விடாமல் ‘கூல்’ சேர்க்கச் சொல்லுங்க. நாலு நாளில் ‘இ’ உதிர்ந்துடும்.

20. ஏ-யிலிருந்து இசட் வரை வரிசையா முடிச்சிட்டுத்தான் வார்த்தைக்குப் போகணும்னு இல்லை. ஒலிமுறையில் சொல்லிக் கொடுக்கிறவர்கள் பல இடங்களில் எஸ், ஏ, டீ, பி, ஐ, என் என்ற ஆறு எழுத்தின் சத்தத்தில் தொடங்குவாங்க. ஏன்னா இந்த ஆறை மாற்றி மாற்றி வைச்சாலே சாட், டாப், பின், டின், பேன், நாப், ஸ்பின் என்று ஏகப்பட்ட சொல் கிடைக்கும். தண்ணிப் பாட்டில் மூடி ஆறு எடுத்து, மார்க்கரால் எழுதிக் கொடுத்துப் பாருங்க. எழுத்தின் பேரைச் சொல்லாமல் சத்தத்தைச் சொல்லிக் கூட்டணும், அதுதான் இதில் முக்கியம்.

21. நொண்டி ஆட்டக் கட்டத்துக்குள் எண்ணுக்குப் பதில் எழுத்து எழுதுங்க. சில்லு விழுந்த கட்டத்து எழுத்தில் ஒரு வார்த்தை சொன்னால்தான் தாண்டலாம்.

22. தாயம் உருட்டும்போது விழுகிற எண்ணை இங்கிலீஷில் சொல்லணும், காய் நகர்த்தும்போது ‘மை டர்ன்’, ‘யுவர் டர்ன்’ சொல்லணும். தாத்தா பாட்டியும் சேர்ந்தால் ஆட்டம் இன்னும் சூடு பிடிக்கும். ஜெயிச்சவங்க ‘ஐ வின்’ சொல்லாமல் எழுந்திருக்கக் கூடாது.

23. ‘பாட்டி சேஸ்’ விளையாட்டு தெரியுமா? ‘பாட்டி சேஸ், டச் யுவர் நோஸ்’ என்றால் செய்யணும். ‘டச் யுவர் நோஸ்’ என்று மட்டும் சொன்னால் செய்யக் கூடாது. உடம்புப் பேர் எல்லாம் பத்து நிமிஷத்தில் வந்துவிடும், மழை நாளில் வீட்டுக்குள் அடைஞ்சு கிடக்கிற பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல விளையாட்டு இல்லை.

24. கிரிக்கெட் பார்க்கிற பிள்ளைக்கு வைடு, நோ பால், ரன் அவுட், கேட்ச் எல்லாம் ஏற்கெனவே தெரியும். அதையே வாக்கியமாக்கச் சொல்லுங்க: ‘ஹி டிராப்ட் த கேட்ச்’, ‘தே நீட் டென் ரன்ஸ்’. ஒரு ஓவர் மட்டும் டிவி சத்தத்தை நிறுத்திட்டுப் பிள்ளையையே வர்ணனை செய்யவிட்டால் வீடே களைகட்டும்.

25. போனில் கீபோர்டின் மைக்கைத் தட்டி, மொழியை இங்கிலீஷில் வைச்சு, ஒரு வாக்கியம் பேசச் சொல்லுங்க. சொன்னது சரியா எழுத்தில் வந்தால் உச்சரிப்பு தேறியிருக்கு. வேறு ஏதாவது வந்தால் மறுபடி பேசிப் பார்க்கும். திருத்த ஆள் இல்லாத வீட்டுக்கு இது பெரிய உதவி, போன் நேரமும் அஞ்சே நிமிஷம்தான்.

26. யூட்யூபில் இங்கிலீஷ் கதை போட்டால் வேகத்தை 0.75 ஆகக் குறைச்சு, கீழே எழுத்து வருகிற மாதிரி வையுங்க. புதுசு புதுசாகப் பத்து பார்ப்பதைவிட ஒன்றையே நாலு தரம் பார்ப்பதுதான் பலன். டேட்டாவும் மிச்சம், முன்னாடியே டவுன்லோட் செய்து வைச்சால்!

27. அரசுப் பாடப்புத்தகத்தில் அச்சடிச்சிருக்கிற கியூஆர் கோடைச் சும்மா விடாதீங்க. தீக்‌ஷா செயலியில் ஸ்கேன் செய்தால் பாடத்துக்கான வீடியோ இலவசமாக வரும். பிள்ளை பள்ளிக்கூடத்தில் கேட்ட பாடத்தையே ராத்திரி நாமும் கூட உட்கார்ந்து பார்த்தால், மறுநாள் என்ன கேட்கணும்னு நமக்கும் தெரியும்.

28. ஒன்று முதல் மூணாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 2022-லிருந்து எண்ணும் எழுத்தும் திட்டத்தில் இங்கிலீஷும் பாட்டும் விளையாட்டுமாகத்தான் போகுது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிச்சிருக்காங்களே, உங்க பிள்ளை எந்த நிலையில் இருக்குன்னு டீச்சரிடம் கேட்டு வைச்சுக்கோங்க. அதற்கு ஏற்ற விளையாட்டை வீட்டில் ஆடினால் இரண்டும் ஒரே வழியில் போகும்.

29. கதைப் புத்தகம் வாங்கக் காசு இல்லையேன்னு இருக்க வேண்டாம். பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கின ஸ்டோரிவீவரில் பல கதைகள் தமிழிலும் இங்கிலீஷிலும் இலவசமாகவே கிடைக்கும். முதல் நாள் தமிழில் ரசிச்சுப் படிச்சுக் காட்டுங்க, இரண்டாம் நாள் அதே படங்களோடு இங்கிலீஷில். கதை தெரிஞ்ச பிள்ளைக்குப் புது வார்த்தை பயம் காட்டாது. தமிழ் நல்லா இருக்கிற பிள்ளைதான் இங்கிலீஷையும் சீக்கிரம் பிடிக்குது. அதனால் தமிழ்க் கதையை நிறுத்திட்டு இங்கிலீஷுக்குத் தாவ வேண்டாம்.

30. பழைய பேப்பர் கடையில் ‘டிங்கிள்’ இதழ்கள் எடைக்குக் கிடைச்சால் விடாதீங்க. 1980-லிருந்து வருகிற சித்திரக்கதை. படத்தைப் பார்த்தே பாதி புரியும், பேச்சு வாக்கியங்களும் சின்னச் சின்னது. கிளை நூலகத்தில் பிள்ளை பேரில் ஒரு உறுப்பினர் அட்டையும் போட்டு வையுங்க.

31. வீட்டில் பாட்டி இருந்தால் அவங்களையே மாணவி ஆக்கிடுங்க. 1991-ல் நம்ம மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது, வயல் வேலையும் கல்குவாரி வேலையும் முடிச்சிட்டு வந்து விளக்கடியில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டினவங்கதானே இவங்க! அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் ஊக்கம் கொடுக்க, ஊர் என்ன பேசும்னு பார்க்காமல் சேலையை இழுத்துச் செருகிச் சைக்கிளும் கத்துக்கிட்டாங்க. அந்தப் பாட்டிக்குப் பேரப்பிள்ளை தினம் இரண்டு இங்கிலீஷ் வார்த்தை சொல்லிக் கொடுக்கட்டும். அவங்க திரும்பத் திரும்பக் கேட்பாங்க, இதுவும் சளைக்காமல் சொல்லும். சொல்லிக் கொடுக்கிறவங்களுக்குத்தான் பாடம் நல்லா நிற்கும். மாத்திரை அட்டையில் ‘மார்னிங்’, ‘நைட்’ படிக்கப் பாட்டியும் பழகிட்டால் மருந்து மாறிப் போகாது.

32. ‘அஞ்சு வாக்கியம் எழுது’ன்னு பள்ளியில் சொல்லிவிட்டால் ‘மை கௌ’வையே எழுதாமல் நம்ம ஊர்க்காரரை எழுதச் சொல்லுங்க. 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்து, மன்னர் கல்லூரியில் பையன்களுக்கு நடுவே சேர்ந்து படிச்ச முதல் பெண் முத்துலட்சுமி ரெட்டி. 1912-ல் டாக்டர், 1927-ல் சட்ட மேலவையில் முதல் பெண் உறுப்பினர், அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினவரும் அவரே. ‘ஷி வாஸ் பார்ன் இன் புதுக்கோட்டை. ஷி ஸ்டடீட் இன் அவர் டவுன். ஷி பிகேம் எ டாக்டர்’னு ஒவ்வொன்றும் நாலைந்து சொல்லில் முடியும். முக்கியமா, பொம்பளைப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லியே ஆகணும்.

33. சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கிற அப்பாவுக்கோ மாமாவுக்கோ வெள்ளிக்கிழமை தோறும் இங்கிலீஷில் ஒரு குட்டி வாய்ஸ் மெசேஜ் அனுப்பச் சொல்லுங்க. ‘டுடே ஐ எய்ட் பரோட்டா. இட் ரெயின்ட். அவர் கோட் ஹாஸ் எ பேபி.’ இது போதும். பதிலும் இங்கிலீஷிலேயே மெதுவாக வந்தால், பிள்ளை அதை எத்தனை தரம் போட்டுக் கேட்கும்னு பாருங்க.

34. அஞ்சல் அட்டை இன்னும் ஐம்பது காசுதான். ஸ்நேகிதிக்கு இரண்டு வரி இங்கிலீஷில் எழுதி, முகவரியும் பின்கோடும் பிள்ளையே எழுதிப் போடட்டும். புதுக்கோட்டை தலைமை அஞ்சலகம் 622001. தபால்காரர் பதில் கொண்டுவரும் நாளில் அந்த அட்டையை அது தலைமாட்டில் வைச்சுத் தூங்கும்.

35. சின்ன வேலை சொல்லும்போது இங்கிலீஷைக் கலந்துடுங்க: ‘ப்ரிங் த சொம்பு’, ‘வேர் இஸ் மை முறம்?’ கலப்படம்னு யாராவது சொன்னால் காதில் போட்டுக்காதீங்க. வாக்கியத்தின் எலும்பு இங்கிலீஷில் நின்னுட்டால் சொம்புக்குச் சொல் பிறகு தானா வரும்.

36. பேசும்போது குறுக்கே விழுந்து திருத்தாதீங்க. ‘ஐ கோ டெம்பிள் யெஸ்டர்டே’ என்றால், ‘ஓ, யூ வென்ட் டு த டெம்பிள்! வித் ஹூம்?’ என்று சரியான வாக்கியத்தைப் பதிலிலேயே வைத்துக் கொடுங்க. பிள்ளைக்குத் திட்டு வாங்கின மாதிரியும் இருக்காது, சரியானதும் காதில் விழுந்திருக்கும்.

37. விருந்தாளி வந்ததும் ‘எங்கே, மாமாவுக்கு ஒரு ரைம்ஸ் சொல்லு’ன்னு நிறுத்தி வைக்காதீங்க. அர்த்தம் தெரியாமல் ஒப்பிக்கிற நாலு ரைம்ஸைவிட, தண்ணி கொடுக்கும்போது தானாகச் சொல்கிற ‘ப்ளீஸ் சிட், அங்கிள்’ எவ்வளவோ மேல்.

38. இதற்கெல்லாம் தனியா நேரம் ஒதுக்கினால் நாலு நாளில் நின்னுடும். இருக்கிற வேலையோடு முடிச்சுப் போடுங்க: தலை பின்னும்போது நிறம், குளிக்க வைக்கும்போது உடம்புப் பேர், படியேறும்போது அப், டவுன், பாய் விரிக்கும்போது இன்னிக்கு நடந்த ஒரே ஒரு விஷயம் இங்கிலீஷில்.

39. லீவு நாளில் திருமயம் கோட்டைக்கோ சித்தன்னவாசலுக்கோ போனால், தொல்லியல் துறை வைச்சிருக்கிற பலகைகளில் தெரிஞ்ச இங்கிலீஷ் சொல்லை மட்டும் தேடி எண்ணச் சொல்லுங்க. ஃபோர்ட், ஹில், கேவ், பெயின்டிங், கிங் என்று பத்தாவது கிடைக்கும். திருக்கோகர்ணம் அருங்காட்சியகத்தில் பொருளும் பேரும் பக்கத்திலேயே இருப்பதால் சின்னப் பிள்ளைகளுக்கு அதுதான் சுலபம். விராலிமலைப் பக்கம் போனால் ‘ஹௌ மெனி பீகாக்ஸ்?’ கேட்டுக்கிட்டே ஏறலாம், கால் வலி தெரியாது.

40. போன வருஷத்துப் புத்தகங்களை எடைக்குப் போடும் முன் படங்களை வெட்டி எடுத்து, ஒன்பதாம் குறிப்பில் சொன்ன பத்திரிகை அட்டைகளில் ஒட்டி, பழைய பிஸ்கட் டின்னில் போட்டு வையுங்க. உங்க பிள்ளை வளர்ந்ததும் அந்த டின்னை எதிர் வீட்டுக்குக் கொடுங்க. அவங்க வீட்டுப் பத்திரிகை அட்டைகளும் சேர்ந்து, அடுத்த பிள்ளைக்குப் போகும்போது டின் இன்னும் கனமாக இருக்கும்.